டைல்ஸ் கடைக்குப் போகும் முன்

நம் சங்க உறுப்பினர்களில் பலர் 1980-களில் டோம்பிவிலியிலும் முலுண்டிலும் செம்பூரிலும் வாங்கிய பிளாட்டுகளுக்கு இப்போது ஏறக்குறைய நாற்பது வயதாகிறது. குழாய்கள் துருப்பிடித்து, டைல்ஸ் மஞ்சளித்து, ‘பாத்ரூமை ஒரு தடவை உடைத்துச் செய்துவிடலாமா?’ என்ற பேச்சு வீட்டுக்கு வீடு எழுந்திருக்கிறது. பேச்சு எழுந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குடும்பத்தோடு டைல்ஸ் கடைக்குப் புறப்பட்டு விடுகிறோம். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். 2009-ல் எங்கள் பாத்ரூமைப் புதுப்பித்தபோது ரயில் பாதைப் பராமரிப்பில் எனக்கு இருபத்தைந்து வருஷ அனுபவம். தண்டவாளத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் பாதை உட்கார்ந்துவிடும், ஆகவே முதலில் வடிகாலைப் பார் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன். சொந்த வீட்டில் மட்டும், ஊரிலிருந்து விருந்தினர் வரும் அவசரத்தில், “தண்ணீர் நிறுத்திப் பார்ப்பதெல்லாம் எதற்கு சார், இரண்டு நாள் வீண்” என்று மிஸ்திரி சொன்னதற்குத் தலையாட்டிவிட்டேன்.

மூன்றாவது மாதம் கீழ் வீட்டு வஹினி படியேறி வந்தார். அவர்கள் வீட்டுக் கூரையில் ஓதம் ஏறி, பூஜை அலமாரிக்கு மேலே சொட்டுகிறதாம். போய்ப் பார்த்தேன். சுவாமி படங்களை இடம் மாற்றி, கீழே ஒரு பித்தளைப் பாத்திரம் வைத்திருந்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். இங்குள்ள ஹவுஸிங் சொசைட்டி விதிகளின்படி, நம் பாத்ரூமிலிருந்து கசிந்தால் செலவு நம்முடையதே. புதிய டைல்ஸை உடைத்து, எல்லாவற்றையும் மறுபடி செய்தோம்.

டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்று நினைக்கிறோம். டைல் தடுக்கும், இரண்டு டைல்களுக்கு இடையே உள்ள சிமெண்ட் இணைப்பு தடுக்காது. அது மெல்ல உறிஞ்சி, அடியிலுள்ள கலவையை எப்போதும் ஈரமாகவே வைத்திருக்கும். தடுக்க வேண்டியது அதற்கும் கீழே உள்ள வாட்டர்புரூஃபிங் பூச்சு. பல கட்டடங்களில் பாத்ரூம் தளத்தை மட்டும் சுமார் ஓர் அடி தாழ்த்தி வார்த்து, அந்தப் பள்ளத்தில் குழாய்களைப் போட்டு, செங்கல் துண்டும் கலவையுமாக நிரப்பியிருப்பார்கள். அந்தப் பள்ளத்துக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் வெளியேற வழி கிடையாது. வழி தேடும், குழாய் தளத்தையோ சுவரையோ துளைத்துப் போகும் இடத்தில் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். எங்கள் வீட்டில் நஹானி டிராப்பைச் சுற்றியிருந்த இடைவெளியை வெறும் சாந்தால் அடைத்திருந்தார்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே திட்டத்தைத் தரைக்கு அடியிலிருந்து போடுங்கள். முதலில் சொசைட்டிக்கு எழுத்தில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். கீழ் வீட்டாரிடம் நேரிலேயே சொல்லி, அவர்கள் கூரையை வேலைக்கு முன்பே போட்டோ எடுத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. கழிப்பறை இருக்கும் இடத்தை மாற்ற ஆசைப்படாதீர்கள். அடுத்தவர் சமையலறைக்கு மேலே கொண்டுபோய் வைத்தால் நிம்மதி இரு வீட்டுக்கும் போய்விடும். பழைய டைல்ஸ் மேலேயே கலவை போட்டுப் புதிதை ஒட்டலாம் என்பார்கள். இரண்டு அங்குலக் கலவை சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. நாற்பது வயதுக் கட்டடத்தின் மேல் இந்தச் சுமையை எதற்கு ஏற்ற வேண்டும்?

குழாய்களைச் சுவருக்குள் மூடும் முன், முனைகளை அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி ஓர் இரவு விட்டுப் பார்க்க வேண்டும். மூலையிலிருந்து எத்தனை அங்குலத்தில் எந்தக் குழாய் போகிறது என்று டேப்பைப் பிடித்துப் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்; நாளை யாராவது அங்கே ஆணி அடிப்பார்கள். வெந்நீர்க் குழாய்க்கு சி.பி.வி.சி. போடலாம், சாதாரண பி.வி.சி. கூடாது. கீஸருக்குத் தனி எம்.சி.பி., நல்ல எர்த் இணைப்பு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இவற்றில் சிக்கனம் வேண்டாம்.

வாட்டர்புரூஃபிங் பூச்சு தரையோடு நின்றுவிடாமல் சுவரில் ஓர் அடியாவது ஏற வேண்டும். ஷவர் பக்கம் ஆளுயரம். அது காய்ந்த பிறகுதான் முக்கியமான சோதனை. டிராப்பை இறுக அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். குறைந்தது 48 மணி நேரம். வெயில் காலத்தில் தண்ணீர் தானாகவும் கொஞ்சம் வற்றும். அதற்கு ஒரு வழி உண்டு: பக்கத்தில் ஒரு பக்கெட்டிலும் தண்ணீர் வைத்துக் கோடு போடுங்கள். பக்கெட்டைவிடத் தரையில் அதிகம் இறங்கியிருந்தால் கசிகிறது என்று பொருள். இந்த இரண்டு நாளும் எங்கே குளிப்பது என்பதையும் முன்பே யோசித்து வைக்க வேண்டும். ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் திட்டம் இடறுவது இங்கேதான்.

டைல்ஸ் ஒட்டும்போது வாட்டத்தை ரசமட்டம் வைத்து நீங்களே பாருங்கள். நூற்றுக்கு ஒன்று போதும். ஆறடி நீளத்துக்கு முக்கால் அங்குலம். அறைத் தரையைவிடப் பாத்ரூம் தரை சற்றுத் தாழ்ந்தே இருக்கட்டும். வழவழப்பான டைல் தரைக்கு வேண்டாம், நமக்கெல்லாம் வயதாகிறது. கைப்பிடி பொருத்த வேண்டிய சுவரையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

எங்கள் இரண்டாவது முயற்சியில் மூன்றாம் நாள் காலை வஹினி மேலே வந்து, கூரை காய்ந்தே இருக்கிறது என்று சொன்னார். அதற்குப் பிறகுதான் டைல்ஸ் கடைக்குப் போனோம். நிறத்தை என் மனைவி தேர்ந்தெடுத்தாள்.