டிசம்பர் 11: பாரதி பிறந்த நாளும் நம் பிள்ளைகளின் பள்ளியும்

டிசம்பர் பிறந்தால், தொடக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள நம் வீடுகள் பலவற்றில் ஒரு பரபரப்பு. "அம்மா, டீச்சர் என்னைத் தமிழில் பாடச் சொல்லியிருக்கிறார்" என்று குழந்தை வந்து நிற்கும். டிசம்பர் 11 அன்று பள்ளியில் நடக்கும் மொழி விழாவே காரணம். அது என்ன விழா, நம் பிள்ளைகளுக்கு அதனால் என்ன பயன் என்று சற்றுப் பார்ப்போம்.

மகாகவி பாரதியாரின் பிறந்த நாளை 'பாரதிய பாஷா உத்சவ்', அதாவது இந்திய மொழிகள் விழா என்ற பெயரில் நாடெங்கும் கல்விக்கூடங்களில் கொண்டாட மத்திய கல்வி அமைச்சகம் 2022-இல் ஏற்பாடு செய்தது. அதற்கு முன்பே, 2018-இல், 'பாஷா சங்கம்' என்ற திட்டம் பள்ளிகளுக்கு வந்திருந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் ஐந்தைந்து எளிய வாக்கியங்களை மாணவர்கள் பேசிப் பழகுவது அதன் நோக்கம்.

சின்ன வகுப்புகளில் விழா எளிமையானது. காலைப் பிரார்த்தனையின்போது பல மொழிகளில் வணக்கம் சொல்வார்கள். ஒருவர் பாடுவார், ஒருவர் கதை சொல்வார். காகித இலைகளில் வெவ்வேறு மொழிச் சொற்களை எழுதிச் சுவரில் 'மொழி மரம்' ஒட்டுவதும் உண்டு.

தமிழ்க் கவிஞர் ஒருவரின் பிறந்த நாள் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது நமக்குப் பெருமை. பாரதியாரும் ஒரு காலத்தில் வெளியூர் வந்த தமிழ்ப் பிள்ளைதான். 1882-இல் எட்டயபுரத்தில் பிறந்த அவர், தந்தையார் மறைந்தபின் 1898-இல் காசியில் இருந்த அத்தை வீட்டுக்கு வந்தார். அங்கே வடமொழியும் இந்தியும் கற்றார். ஆனால் ஒரு வித்தியாசம்: காசிக்கு வரும்போதே அவர் தமிழில் கவிதை புனையத் தெரிந்தவர். நம் பிள்ளைகள் பலருக்கோ தமிழ் காதால் கேட்டு வாயால் பேசும் மொழி மட்டுமே.

இதை விழா நாளிலேயே காணலாம். குழந்தை பாட வேண்டிய வரிகளை நாம் இந்தி எழுத்தில் எழுதிக் கொடுக்கிறோம். பள்ளியில் கற்கும் இந்தியில் 'ழ' இல்லை. எனவே 'பழம்' காகிதத்தில் 'பலம்' ஆகிவிடுகிறது. ற, ர வேறுபாடும் மறைகிறது. கைதட்டல் கிடைக்கிறது; மறுநாள் காகிதம் குப்பைக்குப் போகிறது. அடுத்த ஆண்டும் இதே கதை.

இதை மாற்றுவது கடினமன்று. 247 எழுத்து என்றதும் மலைக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மீதி 216 உயிர்மெய்யும் இவற்றின் சேர்க்கையே. துணைக்கால், கொம்பு, கொக்கி போன்ற குறிகள் பிடிபட்டால் பெரும்பகுதி முடிந்தது. முதலில் குழந்தையின் பெயர், பிறகு அப்பா, அம்மா, பாட்டி பெயர்கள் என்று தொடங்கலாம். மொழி மரத்தின் இலையில் தன் பெயரைத் தானே தமிழில் எழுதிய குழந்தை அதை மறக்காது. வகுப்புத் தோழர்களும் "என் பெயரை எழுதிக் காட்டு" என்று சூழ்ந்துகொள்வார்கள்.

பெற்றோர் அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் உள்ளாட்சி அமைப்பும் முயல வேண்டும் என்கிறது. 1949-ஆம் ஆண்டு மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஓர் அளவும் வகுத்தது: ஒரு வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளி முழுவதும் 40 பேர் இருந்தால் அம்மொழி ஆசிரியரை நியமிக்க வேண்டும். இது தானாக வந்து சேராது. ஒரே பள்ளியில் எத்தனை தமிழ்க் குழந்தைகள் என்று எண்ணி, பெற்றோர் கூடிக் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால்தான் பேச்சே தொடங்கும். எண்ணிக்கை போதாத இடங்களில் சங்கத்தின் ஞாயிறு வகுப்போ, நான்கு குடும்பங்கள் கூடி நடத்தும் வீட்டு வகுப்போ கைகொடுக்கும்.

விழா ஒரு நாள்தான். அடுத்த டிசம்பருக்குள் நம் பிள்ளைகள் மேடையில் கையில் வைத்திருக்கும் காகிதம் தமிழ் எழுத்தில், அவர்கள் கையெழுத்திலேயே இருக்கட்டும். வாரம் ஒரு மணி நேரம் நாம் உடன் உட்கார்ந்தால் போதும்.