இரு கடல் தழுவும் மண்டபம்

இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு

சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டதும் நம் கரிசல் காட்டு மாணவர் பலருக்கும் ஊட்டியும் கொடைக்கானலுமே நினைவுக்கு வரும். மலைக்குச் சென்றால்தான் மனம் குளிருமா? ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில், மூன்று புறமும் நீர் சூழக் கடலுக்குள் கை நீட்டிக் கிடக்கிறது மண்டபம் தீபகற்பம். அதன் நுனியிலிருந்து பாலம் தாண்டினால் பாம்பன் தீவு. தீவின் வால்போல் நீள்வது தனுஷ்கோடி. 1985-இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை விருதுநகர், சிவகாசி, இராமேசுவரம் ஆகிய மூன்றும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. ஆகவே இது நமக்கு அந்நிய மண் அன்று. நம்மை விட்டுப் பிரிந்த நம் கடற்கரையே ஆகும்.

பெண் கடலும் ஆண் கடலும்

இத்தீபகற்பத்தின் வடபுறம் பாக் விரிகுடா; தென்புறம் மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் அப்பகுதி மக்கள் அழைக்கின்றனர். சாலைக்கு ஒருபுறம் குளம்போல் அமைதி, மறுபுறம் அலைகளின் முழக்கம்! இந்த விந்தைக்குக் காரணம் என்ன?

அலையை எழுப்புவது காற்று. தடையின்றி எவ்வளவு தூரம் காற்று கடல்மேல் ஓடி வருகிறதோ, அவ்வளவுக்கு அலையும் வளரும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆழமான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். பாக் விரிகுடாவோ ஆழம் குறைந்தது. இலங்கையும் மணல் திட்டுகளும் அதை அரண்போல் காக்கின்றன. நிலத்தைக் கடந்து வரும் காற்று அங்கே பெரிய அலையை எழுப்ப முடிவதில்லை. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. அமைதியான வடகடலே அப்போது சீறுகிறது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடியிருக்கும். நம் பகுதிக் குடும்பங்கள் வெளியூர் செல்ல நேரம் கிடைப்பது அப்போதுதான். ஆனால் அதுவே வங்கக்கடலில் புயல்கள் உருவாகும் காலமும் ஆகும். 'பெண் கடல்தானே' என்று நம்பி அப்போது நீரில் இறங்குவது ஆபத்து. பருவக்காற்று ஓய்ந்திருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களே கடல் விளையாட்டுக்கு ஏற்றவை.

காணத்தக்கன

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே அரியமான் கடற்கரை உள்ளது. சவுக்கு மர நிழலும் ஆழமற்ற நீரும் கொண்ட இடம். பிரப்பன்வலசையில் துடுப்புப் படகு ஓட்டவும் பயிலலாம். இந்த நீர்ப்பரப்பு வீரர்களையும் கண்டிருக்கிறது. 1966-இல் மிஹிர் சென்னும், 1994-இல் சிறுவன் குற்றாலீசுவரனும் பாக் நீரிணையை நீந்திக் கடந்தனர்.

அடுத்து, பாம்பன் பாலம். 1914-இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தின் நடுப்பகுதியைத் தொழிலாளர்கள் கையால் இயக்கித் திறந்து கப்பலுக்கு வழிவிட்டனர். 2022 இறுதியில் அதில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி மின்தூக்கிபோல் அப்படியே செங்குத்தாக உயர்கிறது. 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தில் சென்றால் கடலையும் இரயில் பாதையையும் ஒருசேரக் காணலாம்.

விலங்கியல் மாணவருக்கோ குருசடைத் தீவு ஒரு திறந்தவெளிப் பாடநூல். நாம் படம் வரைந்து பாகம் குறித்த பலனோகிளாசஸ் அங்கே மணலுக்குள் உயிரோடு வாழ்கிறது! தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. வனத்துறையின் அனுமதியின்றி அத்தீவுகளில் கால் வைக்கக் கூடாது. பவளத்தை ஒடித்து எடுத்து வருவதும் குற்றமாகும். பவளம் கல் அன்று. நுண்ணிய உயிர்களின் குடியிருப்பு. கடல்நீரின் வெப்பம் மிகும்போது தம்முள் வாழும் பாசிகளை இழந்து அவை வெளுத்துப் போகின்றன. 2010-இலும் 2016-இலும் இங்கே அது நேர்ந்தது. ஏற்கெனவே துன்புறும் உயிருக்கு நாமும் தீங்கு செய்யலாமா?

தனுஷ்கோடி சொல்வது

1964 டிசம்பர் 22 இரவு. புயலும் பேரலையும் தனுஷ்கோடியை விழுங்கின. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயில், நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலில் மூழ்கியது. இலங்கைக்குக் கப்பல் ஏறும் துறைமுகமாக விளங்கிய ஊரில் இன்று எஞ்சியிருப்பவை தேவாலயத்தின் இடிந்த சுவர்களும் நிலையத்தின் சிதைவுகளுமே. சிதைந்த பாம்பன் பாலத்தையோ, பொறியாளர் ஈ. ஸ்ரீதரனின் தலைமையில் 46 நாட்களில் சீரமைத்தனர். 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உள்ளது. இரு கடலும் சந்திக்கும் அம்முனையில் நீரோட்டம் வலிமையானது. அங்கே கண்டு மகிழலாம். குளிக்க இறங்கக் கூடாது.

செலவா, வரவா?

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். கல்விச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்டபோது, "கடலைப் பாத்துட்டு வந்தா கையில என்னப்பா மிஞ்சும்?" என்று தந்தையார் கேட்டார். மருந்து அறையில் நாள் முழுதும் உழைக்கும் ஒருவர் கேட்கும்போது அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கையில் ஒன்றும் மிஞ்சாது என்பது உண்மை. ஆனால் காற்று ஏன் திசை மாறுகிறது, பாலம் எப்படி உயர்கிறது, ஓர் ஊர் எப்படி அழிகிறது என்று கண்ணால் கண்டவன், ஏட்டில் மட்டும் படித்தவனைவிடத் தெளிவாகச் சிந்திப்பான் அன்றோ? வசதி படைத்தோர் பிள்ளைகள் விடுமுறைதோறும் பெறும் இவ்வறிவு, நம் போன்றோருக்குக் கல்லூரிச் சுற்றுலா வழியாகத்தான் கிட்டுகிறது.

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கல்விச் சுற்றுலாவை பிப்ரவரியில் மண்டபத்துக்கு அமையுங்கள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டால் உணவுச் செலவும் குறையும். மாணவ நண்பர்களே, பணம் கட்ட இயலாத தோழன் வகுப்பில் இருந்தால், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவனையும் அழைத்துச் செல்வோம். கடல் எல்லோருக்கும் பொதுவானது!