காமிரா செல்லாத இடங்களில் காந்தி

வரலாற்றுத் திரைப்படங்களைப் பார்ப்போரிடையே ஓர் எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது: நடிகர்களைக் கொண்டு எடுக்கப்படும் படம் கற்பனை கலந்தது, ஆவணப்படம் உண்மையானது. நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே பதிவான படச்சுருள்களைத் தொகுத்து, விளக்க உரை சேர்த்து உருவாக்கப்படுவது ஆவணப்படம் என்பதால் இந்த நம்பிக்கையில் வியப்பில்லை. ஆயினும் மகாத்மா காந்தியைப் பற்றிய படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், சான்று கிடைக்காத இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்னும் சிக்கல் இரு வகைக்கும் பொதுவானது என்பதும், ஆவணப்படம் தன் நிரப்பலைச் சற்றுத் திறமையாகவே மறைத்துக்கொள்கிறது என்பதும் புலனாகும்.

ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி' படத்துக்கான வித்து 1962இல் விழுந்தது. இலண்டனில் இந்தியத் தூதரகத்தில் பணியாற்றிய மோதிலால் கோத்தாரி அவரை அணுக, லூயி ஃபிஷர் எழுதிய காந்தி வரலாற்றைப் படித்த அட்டன்பரோ, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்று 1982இல் படத்தை வெளியிட்டார். பென் கிங்ஸ்லி நடித்த அப்படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடி, எட்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. ஒரு மனிதனின் வாழ்வை ஒரே படத்துக்குள் முழுமையாக அடக்கிவிட முடியாது என்று படத்தின் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறார்கள். அறிவிப்பு நேர்மையானது, ஆனால் எது விடப்பட்டது என்பதை அது சொல்வதில்லை.

தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களின் பதிவுச் சான்றிதழ்களைக் காந்தி எரிக்கும் காட்சியைச் சான்றாகக் கொள்ளலாம். படத்தில் சிறு கூட்டத்தின் முன் அவர் அட்டைகளை ஒவ்வொன்றாக நெருப்பிலிட, காவலர் அவரை அடித்து வீழ்த்துகிறார். வரலாறு இதைவிடச் சிக்கலானது. 1908 ஜனவரியில் அங்கிருந்த ஆட்சித் தரப்பின் ஜெனரல் ஸ்மட்ஸுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியர்கள் தாமாக முன்வந்து பதிவு செய்துகொண்டால் கட்டாயப் பதிவுச் சட்டம் நீக்கப்படும் என்று அதனைக் காந்தி புரிந்துகொண்டார். இது காட்டிக்கொடுக்கும் செயல் என்று சினந்த மீர் ஆலம் என்னும் பதான், பிப்ரவரி 10ஆம் நாள் பதிவு அலுவலகத்துக்குச் சென்றுகொண்டிருந்த காந்தியைத் தம் தோழர்களுடன் சேர்ந்து தாக்கினார். சட்டம் நீக்கப்படாமற்போகவே, ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதித் திடலில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் ஒரு பெரிய இரும்புக் கொப்பரையில் எரிக்கப்பட்டன. அக்கூட்டத்துக்கு வந்திருந்த மீர் ஆலம், தம் செயல் தவறென்று சொல்லித் தம்முடைய சான்றிதழையும் எரிப்பதற்குக் கொடுத்தார் என்று காந்தியே எழுதியிருக்கிறார்.

ஆண்டுகளைச் சுருக்குவதும் நிகழ்ச்சிகளை இணைப்பதும் திரைக்கதையின் தேவைகள். அவற்றைக் குறையென்று கொள்ள வேண்டியதில்லை. இங்கு நேர்ந்த இழப்பு வேறு. சமரசம் செய்துகொண்டதற்காகத் தம் மக்களிடமே அடிபட்டவர், திரையில் ஆட்சியாளரிடம் மட்டுமே அடிபடுபவராக மாறிவிடுகிறார். நல்லவர், கொடியவர் என்ற பிரிவு இதனால் தெளிவாகிறதே தவிர, காந்தியின் அரசியல் தெளிவாவதில்லை. சேர்க்கப்பட்ட கற்பனையைவிட நீக்கப்பட்ட பூசல்தான் படத்தை மெலியச் செய்கிறது என்பதற்கு, அதில் அம்பேத்கர் இடம்பெறவே இல்லை என்பது இன்னும் வலுவான சான்று. தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதிகளை எதிர்த்துக் காந்தி நோன்பிருந்ததும், 1932இல் பூனா ஒப்பந்தம் உருவானதும் அப்படத்தில் இல்லை. ஜப்பார் பட்டேல் இயக்கி மம்மூட்டி நடித்த 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்' படத்தைப் பார்க்கும்போதுதான், அதே காந்தியை மறுகரையிலிருந்து காண முடிகிறது.

மாறாக, ஜாலியன்வாலா பாக் படுகொலை குறித்த விசாரணைக் காட்சி ஆவணத்தை ஒட்டியே அமைந்திருக்கிறது. குறுகிய வழியில் கவச வண்டி நுழைய முடிந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கியைப் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்று ஹன்டர் குழுவின் முன் ஜெனரல் டயர் அளித்த வாக்குமூலத்துக்கு எழுத்தாளரின் உதவி தேவைப்படவில்லை. வின்ஸ் வாக்கர் என்னும் அமெரிக்கச் செய்தியாளரோ கற்பனைப் பாத்திரம். தாராசனா உப்பளத்தில் தொண்டர்கள் தாக்கப்பட்டதை உலகுக்கு எழுதிய வெப் மில்லரின் சாயல் அதில் தெரிகிறது. இத்தகைய பாத்திரத்தால் வரலாற்றுக்குத் தீங்கில்லை.

ஆவணப்படத்துக்கு வந்தால், தமிழருக்கு இத்துறையில் முன்னோடி இடம் உண்டு. கோட்டையூரைச் சேர்ந்த ஏ.கே. செட்டியார் பல நாடுகளுக்கும் பயணம் செய்து, பல ஒளிப்பதிவாளர்கள் எடுத்திருந்த ஏறத்தாழ 50,000 அடி படச்சுருளைத் திரட்டி, அதிலிருந்து காந்தியைப் பற்றி ஏறத்தாழ 12,000 அடி நீளமுள்ள ஆவணப்படத்தைத் தொகுத்து 1940 ஆகஸ்டில் தமிழில் வெளியிட்டார். காந்தி உயிருடன் இருந்தபோதே, அதுவும் ஆங்கிலேயர் ஆட்சியில், இது நடந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எனினும் எத்தனை கடல் கடந்தாலும், காமிரா இல்லாத இடத்தின் படச்சுருளை எவராலும் கொண்டுவர முடியாது. 1893இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் இளம் வழக்கறிஞர் காந்தி வண்டியிலிருந்து இறக்கப்பட்ட இரவுக்கு அசையும் படம் கிடையாது. பதிவான காட்சிகளில் பெரும்பகுதி புகழ்பெற்ற பிறகு எடுக்கப்பட்டவை. ஊர்வலம், ரயில் நிலையம், மேடை, திரள் என்பவையே அவற்றில் நிறைகின்றன. பேச்சுவார்த்தை அறைக்குள்ளும் சிறை அறைக்குள்ளும் காமிரா போகாததால், தொகுப்பாளர் ஒரு பொய்யும் சொல்லாமலேயே காந்தி எப்போதும் கூட்டத்தின் நடுவில் வாழ்ந்தவராகத் தோன்றிவிடுகிறார். விட்டல்பாய் ஜாவேரி 1968இல் தொகுத்த, ஐந்து மணி நேரத்துக்கும் மேற்பட்ட 'மகாத்மா' படத்தையும் இந்த நெருக்கடி விடவில்லை.

ஒலியிலும் வேகத்திலும் நடக்கும் தலையீட்டைப் பார்வையாளர் கவனிப்பதே இல்லை. மௌனமாக எடுக்கப்பட்ட சுருளில் இன்று கேட்கும் முழக்கமும் காலடி ஓசையும் பிற்காலத்தில் ஒலிக்கூடத்தில் சேர்க்கப்பட்டவை. கையால் சுழற்றிய காமிராக்கள் நொடிக்கு ஏறத்தாழ 16 முதல் 18 படங்கள் வரை பதிவு செய்தன. அவற்றை நொடிக்கு 24 என்ற பேசும்பட வேகத்தில் ஓட்டினால் நடப்பவர் ஓடுவதுபோல் தெரியும். காந்தி விரைந்து நடப்பவர்தான், ஆனால் பழைய சுருள்களில் காணும் துடிதுடிப்பு முழுவதையும் அவர் கால்களின் கணக்கில் எழுதுவது சரியன்று.

செட்டியாரின் தமிழ்ப் படம் இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 1953இல் மறுதொகுப்பு செய்யப்பட்டு ஆங்கில உரையுடன் வந்த வடிவமே எஞ்சியுள்ளது. தமிழ்ப் பார்வையாளருக்காக அவர் எந்தக் காட்சியை எதற்கு அடுத்து வைத்தார் என்பதை அறிய, தம் பயணங்களையும் தேடலையும் பற்றி அவர் எழுதிவைத்த கட்டுரைகளையே நாட வேண்டியிருக்கிறது.