200 சுற்றுப் பந்தயத்தில் 202 சுற்று ஓடியவர்

வட்டப் பாதை – 7

1994 ஏப்ரல். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பிரிஸ்டல் ஓடுதளம். ஒரு சுற்று அரை மைலுக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். கார்ப் பந்தய அமைப்பான நாஸ்காரின் இரண்டாம் நிலைத் தொடரில் ஒரு பந்தயம் முடியும் தறுவாயில் இருக்கிறது. முதலிடத்தில் மார்க் மார்ட்டின். மஞ்சள் கொடி காட்டப்பட்டிருக்கிறது. மஞ்சள் கொடி வந்தால் எல்லாரும் வேகத்தைக் குறைத்து, வரிசையாக, ஒருவரை ஒருவர் முந்தாமல் ஓட வேண்டும். பின்னால் இருப்பவர் என்ன செய்தாலும் மார்ட்டினை அன்று தாண்ட முடியாது. ஓட்டியபடியே கோட்டைக் கடந்தால் வெற்றி அவருடையது.

அவர், பராமரிப்புக்காகக் கார்கள் ஒதுங்கும் பிட் பாதைக்குள் திரும்பிவிட்டார். பந்தயம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். ஒரு சுற்று பாக்கி இருந்தது. அடுத்து வந்த டேவிட் கிரீன், பந்தயம் முடிந்ததைச் சொல்லும் கட்டம் போட்ட கொடியை வாங்கிக்கொண்டு போனார். அந்த ஆண்டு அந்தத் தொடரின் சாம்பியனும் கிரீன்தான்.

மார்ட்டின் கற்றுக்குட்டி இல்லை. நாஸ்காரின் உச்சத் தொடரில் 40 வெற்றிகள் பெற்றவர், ஐந்து முறை சாம்பியன் பட்டத்துக்குப் பக்கத்தில் வந்து இரண்டாமிடத்தில் நின்றவர். அவருக்கே இது நடந்தது. சென்ற வாரம் பிட் குழுவினரின் வேலையைப் பார்த்தோம். இந்த வாரம் பிழைகளைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தபோது முதலில் நினைவுக்கு வந்தவர் இவர்தான். காரணம், ஓட்டுநர் செய்யும் பிழை, அதிகாரிகள் செய்யும் பிழை இரண்டுக்கும் இவர் ஒருவரே விலை கொடுத்திருக்கிறார்.

ஓட்டுநரின் பிழைக்குத் தீர்ப்பு அந்த நொடியிலேயே வந்துவிடுகிறது. 2018இல் ஷார்லட்டில் ஏழு முறை சாம்பியனான ஜிம்மி ஜான்சன் இரண்டாமிடத்தில் வந்துகொண்டிருந்தார். அப்படியே முடித்திருந்தால் பட்டத்துக்கான அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பார். கடைசி வளைவில் முன்னால் போன மார்ட்டின் ட்ரூயெக்ஸை முந்தப் பார்த்து, கட்டுப்பாட்டை இழந்து சுழன்று, ட்ரூயெக்ஸையும் சுழற்றிவிட்டார். மூன்றாவதாக வந்த ரயன் பிளேனிக்கு வெற்றி. ஜான்சன் புள்ளிகளில் மற்றவர்களோடு சமமாக நின்றும், சமன் முறிக்கும் விதியால் வெளியேறினார். 1979 டேட்டோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டானி ஆலிசனும் கேல் யார்பரோவும் மோதிக்கொண்டு புல்வெளியில் கிடந்தார்கள். வெகு பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டி வென்றார். முதலிடத்துக்குப் போட்டியிட்ட இருவருமே அங்கே தோற்றார்கள். யாரும் மேல்முறையீடு செய்ய வேண்டியதில்லை. தவறும் தண்டனையும் ஒரே மனிதரிடம் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் தவறினால் கதை வேறு. தவறு ஒருவருடையது, நஷ்டம் இன்னொருவருடையது.

2007 டேட்டோனா 500. கடைசிச் சுற்று. மறுபடியும் மார்க் மார்ட்டின் முதலிடத்தில். அந்தப் பந்தயத்தை அவர் அதுவரை வென்றதே இல்லை. வெளிப்புறத்தில் கெவின் ஹார்விக் நெருங்கிவருகிறார். பின்னால் பெரிய மோதல், கார்கள் சிதறுகின்றன. கிளின்ட் போயரின் கார் தலைகீழாக, தீப்பற்றியபடி கோட்டைக் கடந்தது. 2003இலிருந்து நாஸ்காரில் ஒரு விதி உண்டு: மஞ்சள் விளக்கு எரிந்த நொடியில் யார் எங்கே இருந்தாரோ அதுவே அவர் இடம். மோதல் தொடங்கியதும் விளக்கு எரிந்திருந்தால் மார்ட்டின் வென்றிருக்க வாய்ப்பு மிக அதிகம். எரியவில்லை. ஹார்விக் 0.020 நொடி வித்தியாசத்தில் வென்றார். முதலிடத்துக்கான போட்டியை ரசிகர்கள் இறுதிவரை பார்க்கட்டும் என்று விட்டார்கள் என்பவர்களும் உண்டு. அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. காரில் ஆள் இருக்கிறார், கார் தலைகீழாகப் போகிறது. அப்போது விளக்கைப் போடாவிட்டால் பிறகு எப்போதுதான் போடுவது? மார்ட்டின் பெரிய சண்டை எதுவும் போடவில்லை. டேட்டோனா 500ஐ அவர் கடைசிவரை வெல்லவும் இல்லை.

 

விளக்கும் கொடியும் ஒரு பக்கம். அதைவிடப் பழைய பிரச்சினை எண்ணிக்கை. இன்று ஒவ்வொரு காரிலும் ஒரு சிறு மின்னணுக் கருவி இருக்கிறது. கார் கோட்டைத் தாண்டினால் கணினி எழுதிக்கொள்கிறது. 1990களுக்கு முன்னால் இந்த வேலையை மனிதர்கள் செய்தார்கள். ஒவ்வொரு காருக்கும் ஒரு ஆள். பல சமயம் ஓட்டுநரின் மனைவி, இல்லாவிட்டால் உறவினர். தங்கள் கார் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து அட்டையில் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருப்பாரே, அப்படி. ஆனால் இங்கே நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை, புழுதிக்கும் இரைச்சலுக்கும் நடுவில், மணிக்கணக்காக. கண் ஒரு முறை தப்பினால் ஒரு சுற்று காணாமல் போகும்.

காணாமல் போனதும் உண்டு. 1959 ஜூனில் அட்லாண்டாவின் லேக்வுட் தளத்தில் 21 வயது ரிச்சர்ட் பெட்டி முதல் வெற்றியைப் பெற்றதாக அறிவித்தார்கள். ஆட்சேபம் கிளப்பியவர் அவருடைய அப்பா லீ பெட்டி. அட்டைகளை மறுபடி பார்த்தார்கள். அப்பா சொன்னதுதான் சரி என்று ஆனது. வெற்றி அப்பாவுக்குப் போயிற்று. பின்னாளில் 200 வெற்றிகளோடு ஓய்வுபெற்ற மகன், தன் முதல் வெற்றிக்காக அடுத்த ஆண்டு பிப்ரவரிவரை காத்திருந்தார்.

அதே லீ பெட்டிக்கு 1959 பிப்ரவரியில் இன்னும் பெரிய குழப்பம் நேர்ந்திருந்தது. அதுதான் முதல் டேட்டோனா 500. தளம் புத்தம்புதியது, ஒரு சுற்று இரண்டரை மைல். 500 மைல் ஓடி முடிக்கும்போது மூன்று கார்கள் பக்கம் பக்கமாகக் கோட்டைக் கடந்தன. ஜோ வெதர்லியின் கார் சுற்றில் பின்தங்கியது, கணக்கில் வராது. ஆனால் பக்கவாட்டில் நின்று பார்ப்பவர் கண்ணை அது மறைக்கும். மற்ற இருவர் லீ பெட்டி, ஜானி பியூஷாம்ப். கோட்டருகே நாஸ்கார் நிறுவனர் பில் பிரான்ஸே நின்றிருந்தார். பியூஷாம்ப் வென்றதாக அறிவித்தார்கள். கோப்பை மேடைக்குப் போய்ப் படமும் எடுத்துக்கொண்டார் பியூஷாம்ப். பெட்டி விடவில்லை. புகைப்படங்களை வரவழைத்தார்கள், செய்திப்படச் சுருள்களைப் பார்த்தார்கள். ஞாயிறு நடந்த பந்தயத்துக்குப் புதன் மாலை முடிவு வந்தது: பெட்டிக்கே வெற்றி, சில அடி வித்தியாசத்தில். அந்த மூன்று நாளும் பத்திரிகைகளில் இந்தப் பேச்சாக இருந்ததால் டேட்டோனாவுக்குப் பெயர் பரவியது. தவறைத் திருத்த அங்கே எல்லாருக்கும் ஆர்வம் இருந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1963க்கு வாருங்கள்.

வெண்டல் ஸ்காட் வர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் ஊர்க்காரர், கறுப்பினத்தவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் மெக்கானிக். ஊர் திரும்பிய பிறகு டாக்சி ஓட்டினார், பட்டறை வைத்திருந்தார், கள்ளச் சாராயமும் கடத்தினார். தெற்கு மாநிலங்களில் பந்தய ஓட்டுநர்கள் பலர் அந்தக் கடத்தல் சாலைகளில்தான் தொழில் கற்றார்கள். 1952இல் பந்தயத்துக்கு வந்தார். சில இடங்களில் நிறத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். பெரிய நிறுவனம் எதுவும் கார் கொடுக்கவில்லை. பழைய கார்களை வாங்கித் தானே பிரித்து, தானே பூட்டி, பிள்ளைகளைக் குழுவாக வைத்துக்கொண்டு ஓட்டினார்.

1963 டிசம்பர் 1. புளோரிடாவின் ஜாக்சன்வில். அரை மைல் மண் தளம், 200 சுற்று. மற்றவர் ஓட்டிக் கழித்த ஷெவர்லே காரில் ஸ்காட். பந்தயம் முடிய 25 சுற்று இருக்கும்போது ரிச்சர்ட் பெட்டியை முந்தி முதலிடத்துக்கு வந்தார். அதன்பிறகு அவரை யாரும் நெருங்கவில்லை. 200 சுற்று முடிந்தது. கொடி விழவில்லை. இன்னொரு சுற்று ஓடினார், கொடி இல்லை. மேலும் ஒன்று. அவருக்குப் பின்னால் இரண்டு சுற்று தள்ளி ஓடிக்கொண்டிருந்த பக் பேக்கர் கோட்டைக் கடந்தபோது கட்டம் போட்ட கொடி ஆடியது. வெற்றி பேக்கருக்கு. கோப்பை, படம், எல்லாம் பேக்கருக்கு.

ஸ்காட் ஆட்சேபித்தார். அட்டைகளை எடுத்துப் பார்த்தார்கள். மணிக்கணக்கில் பார்த்தார்கள். கூட்டம் கலைந்து, பேக்கரும் கோப்பையோடு போன பிறகு, ஸ்காட் ஓடியது 202 சுற்று, வென்றவர் அவரே என்று ஒப்புக்கொண்டார்கள். பரிசுப் பணம் வந்தது. மேடை வரவில்லை, கோப்பை வரவில்லை. பிறகு எப்போதோ பெயர்கூடப் பொறிக்காத ஒரு மரக்கோப்பையைக் கொடுத்தார்கள்.

எண்ணிக்கைப் பிழை என்பது அதிகாரப்பூர்வமான பதில். அட்டை எழுதும் முறையில் அப்படி ஒரு பிழை நடக்கும் என்பதை மேலே நானே சொன்னேன். ஆனால் வெற்றி மேடையில் அன்று ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளைக்கார அழகி ஒருத்தி வென்றவருக்கு முத்தம் கொடுத்து மாலை போடுவாள். 1963இல், இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த தெற்கில், ஒரு கறுப்பினத்தவர் அந்த மேடையில் நிற்பதை அமைப்பாளர்கள் விரும்பவில்லை என்று ஸ்காட் கடைசிவரை நம்பினார். அவர் குடும்பமும் நம்புகிறது. நானும் அவர்கள் பக்கம்தான் நிற்கிறேன். ஒரு சுற்று தப்பலாம். முன்னால் தனியாக, யாரும் நெருங்காமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு காரை இரண்டு சுற்று தொடர்ந்து ஒருவரும் கவனிக்கவில்லை என்றால், பார்க்க விரும்பாத கண்கள் அங்கே இருந்தன என்றே எனக்குத் தோன்றுகிறது. லீ பெட்டிக்காகப் படச்சுருள்களைத் தேடித் தேடிப் பார்த்தவர்கள், ஸ்காட்டுக்காக ஒரு மேடையைக்கூட மறுபடி போடவில்லை.

அவர் அதற்குப் பிறகும் பத்து ஆண்டுகள் ஓட்டினார். மொத்தம் 495 பந்தயங்கள். 147 முறை முதல் பத்து இடங்களுக்குள். அந்த ஒரு வெற்றி மட்டுமே. 1973இல் டல்லடேகாவில் நேர்ந்த பெரிய விபத்து அவருடைய பந்தய வாழ்க்கையை ஏறக்குறைய முடித்துவைத்தது. 1990 டிசம்பரில் காலமானார். நாஸ்காரின் புகழ்மாடத்தில் 2015இல் இடம் கிடைத்தது. அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். 2021 ஆகஸ்டில், டேட்டோனாவில் பந்தயம் தொடங்கும் முன், ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையை நாஸ்கார் அவர் குடும்பத்திடம் கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் டல்லடேகாவில் பப்பா வாலஸ் வென்றார். உச்சத் தொடரில் ஸ்காட்டுக்குப் பிறகு வென்ற இரண்டாவது கறுப்பினத்தவர். இடையில் ஏறக்குறைய 58 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பாபி ஆலிசன் என்ற ஓட்டுநருக்கும் இப்படி ஒரு பாக்கி இருந்தது, ஆனால் வேறு வகை. 1971 ஆகஸ்டில் வின்ஸ்டன்-சேலத்தின் போமன் கிரே அரங்கத்தில் ஒரு பந்தயம். கார்கள் போதவில்லை என்பதால் சின்னக் கார்களின் தொடரிலிருந்தும் ஆட்களைச் சேர்த்து ஓடவிட்டார்கள். ஆலிசன் ஒரு மஸ்டாங்கில் வந்து எல்லாரையும் தோற்கடித்தார். ஓட அனுமதித்தவர்கள், வென்ற பிறகு அந்தக் காரை உச்சத் தொடரின் கணக்கில் சேர்க்க மறுத்தார்கள். இரண்டாவதாக வந்த ரிச்சர்ட் பெட்டிக்கும் வெற்றியைக் கொடுக்கவில்லை. பதிவேட்டில் அந்தப் பந்தயத்துக்கு வென்றவரே இல்லாமல் 53 ஆண்டுகள் ஓடின. 2024 அக்டோபரில் அது ஆலிசனின் 85வது வெற்றி என்று நாஸ்கார் ஒப்புக்கொண்டது. அடுத்த மாதம் 86 வயதில் அவர் இறந்தார். சில வாரங்களாவது அந்தச் செய்தியோடு வாழ்ந்தார்.

கருவிகள் பெருகினால் இதெல்லாம் நின்றுவிடும் என்பவர்களுக்கு 2022 செப்டம்பரில் டெக்சாஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மஞ்சள் கொடி. இரண்டாமிடத்தில் டென்னி ஹாம்லின். பின்னாலிருந்த வில்லியம் பைரன் கோபத்தில் இடித்தார். ஹாம்லின் கார் சுழன்று புல்வெளிக்குப் போயிற்று. அத்தனை கேமராக்கள் இருந்தும் கட்டுப்பாட்டு அறை அதைப் பார்க்கவில்லை. மஞ்சள் கொடிக்குக் காரணமான விபத்தைக் கவனித்துக்கொண்டிருந்தோம், இதைத் தவறவிட்டுவிட்டோம் என்று பந்தயத்துக்குப் பிறகு வெளிப்படையாகச் சொன்னார்கள். அப்படி ஒப்புக்கொண்டதை மதிக்கிறேன். பைரனுக்கு 25 புள்ளிகள் குறைப்பு, 50,000 டாலர் அபராதம் என்று சில நாளில் தண்டனை வந்தது. மேல்முறையீட்டில் புள்ளிகள் திரும்பக் கிடைத்தன. அபராதம் மட்டும் ஒரு லட்சம் டாலர் ஆனது. இத்தனை தீர்ப்புகளுக்குப் பிறகும் ஹாம்லினுக்கு அவர் இழந்த இடம் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம்: 2013 ரிச்மண்ட். தவறிச் சுழன்றதுபோல் வேண்டுமென்றே சுழன்ற ஒரு காரும், அதனால் கவிழ்ந்த ஒரு குழுவும்.