ஹரேன் தாஸின் மரச்செதுக்கு ஓவியங்களும் தனியார் சேகரிப்பும்

திரைச்சீலையிலே தீட்டப்பெறும் ஓவியம் ஒன்றேயாகும். அதனை ஒருவர் வாங்கித் தம் இல்லத்தில் வைப்பின், ஏனையோர்க்கு அது எட்டாப் பொருளாகிவிடுகின்றது. மரச்செதுக்கு ஓவியமோ பிறப்பிலேயே பலர்க்கு உரியது. ஒரே கட்டையிலிருந்து பல படிகள் எடுக்கலாம். கலைஞர் தாமே அச்சிட்டுக் கையொப்பமிட்ட ஒவ்வொரு படியும் மூலமெனவே மதிக்கப்படும். இவ்வாறு பலர்க்கென ஆக்கப்பட்டவற்றை ஒருவர் தேடித் தொகுத்து வைத்தலாற் பயன் யாது? வங்கக் கலைஞர் ஹரேன் தாஸின் (1921 - 1993) ஆக்கங்கள் இவ்வினாவுக்குத் தக்க விடை பகர்வன.

மரச்செதுக்கின் முறை எளிது, உழைப்போ பெரிது. கட்டையின்மீது உருவத்தை வரைந்தபின், வெண்மையாக விடவேண்டிய இடங்களைக் கலைஞர் உளியாற் செதுக்கி நீக்குவர். எஞ்சி மேடாக நிற்கும் பகுதியே மையை ஏற்றுத் தாளிற் பதியும். அச்சிலே இடம் வலமாக மாறுமாதலின், உருவத்தை மாற்றியே செதுக்கல் வேண்டும். நெடுக்குவாட்டில் அறுத்த பலகை அகன்ற கோடுகளுக்கு உகந்தது; குறுக்குவாட்டில் அறுத்த கட்டையிலோ மயிரிழை போன்ற நுண்கோடுகளும் அமையும். வண்ண ஓவியமாயின், பெரும்பாலும் நிறத்துக்கொரு கட்டை வேண்டும். அவை யாவும் ஒரே தாளில் இம்மியும் பிசகாது பொருந்தல் வேண்டும். இவ்வெல்லாவற்றிலும் கை தேர்ந்தவர் தாஸ்.

தினாஜ்பூரிற் பிறந்த அவர், கல்கத்தா அரசினர் கலைக்கூடத்திற் பயின்று, பின் அங்கேயே ஆசிரியராக விளங்கினார். 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைச் சித்தபிரசாத், ஜைனுல் ஆபிதீன் முதலியோர் நெஞ்சு பதைக்கத் தீட்டினர். தாஸோ உழவரையும் மீனவரையும் ஓடங்களையும் நீர்நிலைகளையுமே பெரிதும் செதுக்கினார். நாட்டின் துயரைக் காணாது அழகிலே மயங்கியவர் என ஒருவர் அவரைக் குறைகூறல் கூடும்.

தனியோர் ஓவியத்தை மட்டும் நோக்குவார்க்கு இக்குறை பொருந்துவதுபோலத் தோன்றும். பலவற்றை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கோ வேறொன்று புலனாகும். அங்கே காட்சியை நிரப்புவது உழைப்பு. வலையிழுப்போரும் ஏர்பிடிப்போரும் சுமைதாங்குவோருமே மீண்டும் மீண்டும் வருகின்றனர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் தினாஜ்பூர் மாவட்டம் இரு கூறாகியது. தினாஜ்பூர் நகரம் கிழக்குப் பாகிஸ்தானைச் சேர்ந்து, 1971இன் பின் வங்காளதேசத்தின் பகுதியாயிற்று. இதனை அறிந்து நோக்கின், அக்கிராமக் காட்சிகள் வெறும் அலங்காரமல்ல, கைநழுவிய மண்ணின் நினைவுமாகும் எனக் கொள்ளல் தகும்.

சிதறிய படிகள் இவ்வுண்மையை உரைக்கமாட்டா. தொகுத்தவிடத்தே அது வெளிப்படும். மேலும், தாள் ஈரத்தாலும் ஒளியாலும் பூச்சியாலும் அழிவது. சட்டத்துக்கு ஏற்ப ஓரத்தை நறுக்கிவிடுவோரும் உளர். அவ்வோரத்திலேதான் கலைஞர் பென்சிலால் எழுதிய தலைப்பும் கையொப்பமும் படியெண்ணும் காணப்படும். 3/20 என்பது இருபது படிகளுள் மூன்றாவது எனப் பொருள்படும். இவற்றைச் சிதையாது பேணுபவர் வரலாற்றுச் சான்றையே பேணுபவராவர்.

ஆயினும், பெட்டியிற் பூட்டிய சேகரிப்புப் புதைத்த பொன்னையே ஒக்கும். காட்சிக்கும் ஆய்வுக்கும் திறந்துவிடப்படும்போதே, பலர்க்கென அச்சிட்ட கலைஞரின் நோக்கம் நிறைவெய்தும். சேகரிப்பவர் உடைமையாளர் மட்டுமல்லர், அறங்காவலருமாவர்.