மோட்டார் ஒன்று, ஜார் நாலு: மினி டிராக்டர் எப்படி இயங்குகிறது?

மினி டிராக்டர் வாங்கப் போகிறவர் ஷோரூமில் முதலில் கேட்பது, "எத்தனை ஹெச்.பி.ங்க?" விற்பவரும் அதற்கே காத்திருந்தவர் போல 15, 18, 24, 27 என்று அடுக்குவார். மிக்ஸிக் கடையில் 500 வாட்ஸா, 750 வாட்ஸா என்று கேட்பது மாதிரிதான் இது. தப்பான கேள்வி இல்லை, பாதிக் கேள்வி. 750 வாட்ஸ் மோட்டாரை வெறுமனே மேடையில் வைத்துத் திருகினால் சத்தம்தான் வரும். தலையில் ஜார் உட்கார்ந்தால்தான் சட்னி. எந்த ஜார், எவ்வளவு போட்டோம், எவ்வளவு நேரம் ஓட்டினோம் என்பதில்தான் மீதிக் கதை இருக்கிறது.

டிராக்டரும் அடிப்படையில் ஜார் மாற்றி மாற்றி மாட்டும் மோட்டார்தான். வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முன்பக்கமே நின்று பானெட்டைத் தட்டிப் பார்க்கிறார்கள். பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். இரண்டு பெரிய சக்கரங்களுக்கு நடுவே, பல் வெட்டிய குட்டித் தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஆறு பல், 35 மில்லிமீட்டர் விட்டம். அதுதான் பி.டி.ஓ. மிக்ஸியின் தலையில் இருக்கும் கப்ளருக்கு என்ன வேலையோ அதே வேலை இதற்கும். இன்ஜினின் சுழற்சி கிளட்ச், கியர் வழியாக வேகம் குறைந்து இங்கே வெளியே வருகிறது. நிமிடத்துக்கு 540 சுற்று என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட அளவு. அதனால் ஒரு கம்பெனி டிராக்டரில், கத்திகள் சுற்றி மண்ணை வெட்டும் ரோட்டவேட்டர் இன்னொரு கம்பெனியுடையதாக இருந்தாலும் ஓடுகிறது. மிக்ஸிக் கம்பெனிகளுக்கு இன்னும் அந்த ஒற்றுமை வரவில்லை.

தண்டு ஒன்றாக இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. கருவியைத் தூக்கிப் பிடிக்கும் மூன்று கைகள் சின்ன டிராக்டர்களில் குறுகலாக இருக்கும். பக்கத்துத் தோட்டத்து 45 ஹெச்.பி. டிராக்டரின் கலப்பையை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே பலிக்காது. மோட்டாரோடு ஜார்களுக்கும் தனியாகக் காசு எடுத்து வைக்க வேண்டும்.

அந்த 540 சுற்று எப்படிக் குறையாமல் வருகிறது? மிக்ஸியில் பொட்டுக்கடலை போட்டால் ஒரு சத்தம், தேங்காய்ச் சில்லு போட்டால் வேறு சத்தம். சுமை ஏறியதும் மோட்டார் திணறுகிறது. டிராக்டரில் கவர்னர் என்ற ஒன்று இதைக் கவனித்துக்கொள்கிறது. ரோட்டவேட்டர் கெட்டி மண்ணில் இறங்கியதும் இன்ஜின் வேகம் லேசாக விழும். உடனே கவர்னர் டீசலைக் கூட்டும், வேகம் மீளும். கூட்டக் கூட்ட ஒரு கட்டத்தில் கொடுக்க இனி டீசல் இல்லை என்ற நிலை வரும். அப்போது சைலன்சரில் கறுப்புப் புகை தொடர்ந்து வரும், மீட்டர் முள் இறங்கும். மிக்ஸியாக இருந்தால் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் வெளியே துள்ளி, வேலை நின்றிருக்கும். டிராக்டரில் இன்ஜினை அப்படி நிறுத்தும் பொத்தான் கிடையாது. கருவிக்குப் போகும் தண்டில் ஒரு போல்ட் இருக்கும். கத்தி தென்னை வேரிலோ கல்லிலோ மாட்டினால் அந்த போல்ட் முறிந்து கியரைக் காப்பாற்றும். முறியாத அளவுக்குக் கெட்டியான போல்ட்டை ஒர்க்ஷாப்பில் வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. பிறகு கியர் பாக்ஸ் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதுவரை மிக்ஸிக் கணக்கு சரியாக வந்தது. ஓர் இடத்தில் மட்டும் ஒத்து வராது. அந்த இடத்தில்தான் மினி டிராக்டரின் நல்லதும் கெட்டதும் இருக்கின்றன. மிக்ஸி மேடையில் நின்ற இடத்தில் நிற்கிறது. டிராக்டரோ தன்னையும் சுமந்துகொண்டு, மண்ணைப் பிடித்து நகர வேண்டும்.

24 ஹெச்.பி. என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கியர் பல்லுக்குப் பல் கொஞ்சம் கொஞ்சம் இழந்து பி.டி.ஓ.வில் 20, 21 கிடைக்கும். அதே இன்ஜின் கலப்பையை இழுக்கும்போது, உழுத பொலபொலப்பான மண்ணில் 12, 13 தேறினால் பெரிது. மீதி சக்கரம் வழுக்குவதிலும் மண்ணை அமுக்குவதிலும் போய்விடும். இழுக்கும் பலத்துக்கு இன்ஜின் மட்டும் போதாது, எடை வேண்டும். 45 ஹெச்.பி. டிராக்டர் சுமார் இரண்டு டன் இருக்கும். மினி டிராக்டர்கள் பெரும்பாலும் 700 கிலோவுக்கும் ஒரு டன்னுக்கும் நடுவே நிற்கின்றன. தன் எடையில் பாதிக்கு இழுப்பதே டயருக்கு நல்ல மண்ணில்தான் முடியும். எடை குறைந்தால் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும், டயர் தேயும், டீசல் போகும்.

ஹாரி பெர்கூசன் 1926இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழியில் வந்த மூன்று முனை இணைப்பு இதைக் கொஞ்சம் சரிக்கட்டுகிறது. கலப்பை மண்ணில் இழுபடும் சுமையில் ஒரு பங்கைப் பின் சக்கரத்தின் மேல் எடையாக இறக்கிவிடும் ஏற்பாடு அது. நான்கு சக்கரமும் ஓடும் மாடல் என்றால் முன் சக்கரமும் மண்ணைப் பிடிக்கும், கூடுதல் விலைக்கு நியாயம் உண்டு. ஆனால் தார் ரோட்டில் ஏறியதும் அந்த லீவரை விடுவித்துவிட வேண்டும். முன் சக்கரங்கள் சற்று வேகமாகச் சுற்றும்படி செய்திருப்பதால், வழுக்கிக்கொடுக்க மண் இல்லாத இடத்தில் டயரும் கியரும் தேயும்.

இங்கே ரோட்டவேட்டர் ஒரு தந்திரம் செய்கிறது. அதன் கத்திகள் டிராக்டர் சக்கரம் சுற்றும் திசையிலேயே, ஆனால் பல மடங்கு வேகமாகச் சுற்றுகின்றன. மண்ணை வெட்டிப் பின்னால் வீசும்போது வண்டியை முன்னால் தள்ளவும் செய்கின்றன. இழுக்க வேண்டிய கருவி இழுப்பதற்கு உதவுகிறது. எடை குறைந்த டிராக்டரும் மூன்றடி ரோட்டவேட்டரும் ஜோடி சேர்ந்ததற்குக் காரணம் இதுதான். மினி டிராக்டரிடம் வாங்க வேண்டிய வேலை பி.டி.ஓ. வழியாகப் போகும் வேலை: ரோட்டவேட்டர், மருந்து அடிக்கும் ஸ்பிரேயர், களை வெட்டும் கருவி. கலப்பையைக் கட்டி இழுக்கச் சொன்னால் வண்டியின் முகம் வாடும்.

ரோட்டவேட்டரையே நம்பியிருப்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. வருஷக்கணக்காக ஒரே ஆழத்தில், ஐந்தாறு அங்குலத்தில், கத்தி ஓடிக்கொண்டிருந்தால் அதற்குக் கீழே மண் இறுகித் தட்டுப் பிடிக்கும். மழைத் தண்ணீர் இறங்காது, வேரும் இறங்காது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை உளிக் கலப்பை போட்டு அந்தத் தட்டை உடைக்க வேண்டும். அது மிக்ஸி வேலை இல்லை, கிரைண்டர் வேலை. பெரிய டிராக்டரை வாடகைக்குத்தான் கூப்பிட வேண்டும். சொந்த வண்டி வந்துவிட்டால் வாடகைக்கு அலைய வேண்டாம் என்று ஷோரூமில் சொல்வதை இந்த அளவுக்குக் குறைத்து நம்பலாம்.

இனி பணம். மூன்றடி அகலம், மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகம், திருப்பத்துக்குக் கொஞ்சம் கழிவு என்று போட்டால் ஏக்கருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஆறடி ரோட்டவேட்டர் அதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். வண்டி ஆறு லட்சம், பத்து ஆண்டு கழித்து ஒன்றரை லட்சத்துக்கு விற்கும் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் மட்டும் ஆண்டுக்கு 45,000 ரூபாய். வட்டியில் 35,000க்கு மேல் போகும். இன்சூரன்ஸ், ஆயில், ரிப்பேர் சேர்த்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம். வண்டி ஷெட்டிலேயே நின்றாலும் இந்தச் செலவில் பெரும்பகுதி நிற்காது. இதே அளவு வாடகை வண்டி மணிக்கு 1,000 ரூபாய், சொந்த வண்டிக்கு டீசலும் ஆள் கூலியும் 400 என்றால் மணிக்கு மிச்சம் 600. ஒரு லட்சத்தை எடுக்க ஆண்டுக்கு 165 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். ஐந்து ஏக்கரை ஆண்டுக்கு நான்கு முறை ஓட்டினாலும் 40 மணி நேரம்தான் ஆகிறது. உங்கள் ஊர் வாடகையைப் போட்டு இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். எண் மாறும், பள்ளம் அவ்வளவாக மாறாது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவர் கையில் இருக்கும் நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர், ஏறக்குறைய இரண்டு ஏக்கர். அந்த அளவில் தனி ஆளாக வாங்குவதற்கு எந்தக் கணக்கும் சாதகமாக வராது என்பது என் கருத்து. நாலு பங்காளிகள் சேர்ந்து வாங்கலாம், அல்லது அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கு வாடகைக்கு ஓட்டலாம். வேளாண் பொறியியல் துறையும் மணிக்கணக்கில் டிராக்டரை வாடகைக்குத் தருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்திதான். ஆனால் விலை இறங்கியதால் ஓட்டும் மணி நேரம் ஏறிவிடாது.

பிறகு ஏன் இத்தனை பேர் வாங்குகிறார்கள்? பெரும்பாலும் நேரத்துக்காக. மழை பெய்து மண் பதமாக இருப்பது இரண்டு மூன்று நாள். அந்த நாளில் ஊரே வாடகை வண்டிக்காரருக்கு போன் போடும். "நாளைக்கு வந்தர்றனுங்க" என்பார். நாளைக்குள் மண் காய்ந்து கட்டியாகிவிடும். இந்த நஷ்டத்துக்கு ரூபாய்க் கணக்கு போடுவது கஷ்டம், ஆனால் இது உண்மையான நஷ்டம்.

இன்னொரு காரணம் இடுக்கு. தென்னை மட்டும் இருக்கிற தோப்பில் 25 அடி இடைவெளியில் பெரிய டிராக்டரே தாராளமாகப் போகும். பொள்ளாச்சிப் பக்கம் போல ஊடே கோகோவும் ஜாதிக்காயும் வைத்துவிட்டால் கதை வேறு. ஐந்தடி பாரில் நட்ட கரும்புக்கு மண் அணைக்க, வாழைக்கு நடுவே களை எடுக்க, கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்து போக, மூன்று நாலடி அகல வண்டிதான் தோது. அங்கே அதற்குப் போட்டி பெரிய டிராக்டர் இல்லை, மண்வெட்டியும் ஆள் கூலியும்தான். கணக்கும் அப்போது தலைகீழாக மாறிவிடும். பவர் டில்லரும் அதே இடுக்கில் போகும், விலையும் குறைவு. ஆனால் நாள் முழுக்க அதன் பின்னால் நடந்து, கைப்பிடி அதிர்வைத் தோளில் வாங்க வயசும் உடம்பும் ஒத்துழைக்க வேண்டும்.

டிரெய்லர் விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். ஒரு டன்கூட எட்டாத வண்டியின் பின்னால் மூன்று டன் தேங்காயை ஏற்றினால் மேட்டில் முன் சக்கரம் தூக்கும். இறக்கத்தில் பிரேக் போட்டால் டிரெய்லர் நிற்காது, டிராக்டரைத் தள்ளிக்கொண்டு போகும். அளவான சுமையோடு தோட்டத்துக்குள் ஓட்டலாம், மெயின் ரோட்டுக்கு வேண்டாம். தலைக்கு மேல் வளைந்து நிற்கும் பாதுகாப்புக் கம்பியைக் கிளை இடிக்கிறது என்று அறுத்து எடுப்பதும் வேண்டாம். மடக்கக்கூடிய கம்பி உள்ள மாடல்கள் இருக்கின்றன.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இரண்டு வேலை. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் மத்திய அரசின் பரிசோதனை நிலையம் இருக்கிறது. விற்பவரிடம் அந்த மாடலின் புத்னி அறிக்கையைக் கேளுங்கள். பானெட்டில் ஒட்டிய எண்ணை விட்டுவிட்டு, பி.டி.ஓ.வில் எத்தனை ஹெச்.பி. அளந்தார்கள் என்று பாருங்கள். பிறகு சிமெண்ட் தரையில் ஓட்டிக் காட்டுவதற்கு நன்றி சொல்லிவிட்டு, வண்டியை ரோட்டவேட்டரோடு உங்கள் தோட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். இருப்பதிலேயே கெட்டியான மூலையைக் காட்டி, இன்ஜினை 540 குறியில் வைத்து, முழு ஆழத்தில் இறக்கி, ஒரு கோடு முழுக்க ஓட்டச் சொல்லிப் பின்னால் நடந்து போங்கள். முள் லேசாக விழுந்து மீள்கிறதா, புகை ஒரு தடவை கறுத்துத் தெளிகிறதா என்று பாருங்கள். முள் விழுந்தது விழுந்தபடி, புகை கடைசிவரை கறுப்பு என்றால், ஒரு படி பெரிய வண்டியையோ ஒரு அடி சின்ன ரோட்டவேட்டரையோ காட்டச் சொல்லிக் கேட்கலாம்.