மண்ணுக்குள் எரியும் தீ

ஜார்க்கண்டில் தன்பாத் நகரையடுத்த ஜரியா நிலக்கரி வயலை நம் அன்பர்களிற் பலர் அறிவர். சுமார் 450 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அவ்வயலில் 1916-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட நிலத்தடித் தீ இன்னும் முற்றும் அணைந்தபாடில்லை. தன்பாத்திலிருந்து சந்திரபுரா செல்லும் இருப்புப்பாதையையே இத்தீக்கு அஞ்சி 2017 ஜூனில் மூடினர். 2019 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தனர். ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் நமக்கு இச்செய்தி மறக்கக்கூடியதன்று.

கரி பிராணவாயுவுடன் கூடித் தானே சூடேறும் இயல்புடையது. பழஞ் சுரங்கங்களின் வெற்றிடங்களும் நிலத்து வெடிப்புகளும் அதற்குக் காற்றூட்டுகின்றன. மேலே நிற்பவனுக்குப் புகை தெரியும். தீ எதுவரை பரவியுள்ளதென்பது தெரியாது.

இங்கேதான் செயற்கைக்கோள் துணைக்கு வருகிறது. நிலம் வெளியிடும் வெப்பக் கதிர்களை, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியில் அது படம் பிடிக்கிறது. பகலில் வெயிலே பாறையைச் சுடச் செய்வதால், இத்தொழிலுக்கு இரவுப் படமே மேல். அப்படத்தைக் கணினியில் ஏற்றி, அதன்மேல் கரிப்படுகை, பாறைப் பிளவு, பழஞ் சுரங்கம், இருப்புப்பாதை, ஊர் ஆகியவற்றின் படங்களை ஒரே அளவில் அடுக்குகின்றனர். கண்ணாடிக் காகிதத்தில் வரைந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது போன்றதே இது; ஜி.ஐ.எஸ். என்பர். ஆண்டுதோறும் இவ்வாறு செய்தால் தீ எத்திசையில் நகர்கிறதென்பதும் புலப்படும்.

ஆயினும் விண்ணிலிருந்தே எல்லாம் கண்டுவிட்டோமென்பார் கூற்று நமக்கு உடன்பாடன்று. 2013-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 8-இன் வெப்பக் கருவிக்கு 100 மீட்டர்ச் சதுரம் ஒரே புள்ளி. ஏறக்குறைய இரண்டரை ஏக்கர்! அதனுள் ஒரு முழ அகல வெடிப்பில் கனல் கொதித்தாலும், சுற்றியுள்ள குளிர்ந்த நிலத்தோடு சேர்ந்து சராசரியாகிவிடும். மிக ஆழத்தில் எரியும் தீயின் சூடு மேற்பரப்பை எட்டப் பல காலம் செல்லும். மேலே கொட்டிய கழிவுக் குவியல் எரிந்தாலோ, அதுவும் நிலத்தடித் தீயைப் போலவே படத்தில் ஒளிரும். ஆகவே வெப்பமானியுடன் காலால் நடந்து அளப்போர் இன்றும் தேவைப்படுகின்றனர்.

ஜரியாவில் தீக்கு மேல் வாழும் குடும்பங்களை வேறிடம் குடியேற்ற 2009-இல் அரசு ஒரு பெருந் திட்டத்தை ஏற்றது. அந்த இரண்டரை ஏக்கர்ப் புள்ளிக்குள் ஒரு தொழிலாளர் குடியிருப்பு வரிசை முழுவதும் அடங்கிவிடும். எவ்வரிசை முதலிற் பெயர வேண்டும், எது காத்திருக்கலாம் என்பதை, நடந்து அளந்து திருத்திய படத்தைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.